ஆடிக்காற்றுக்குத் தாங்கிய ஃபைல்கள்

ராசா,

இந்தக் கடிதத்தைப் பகலில் படி. வேலை முடிந்து அறைக்கு வந்து, டியூப்லைட் வெளிச்சத்தில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு படிக்க வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை ஜன்னலைத் திறந்துவைத்து நிதானமாக உட்கார்ந்து படி. அம்மா போனில் சொல்லியிருக்கலாமே என்று நினைப்பாய். செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு நான் கூப்பிட்டபோதெல்லாம் நீ எடுக்கவில்லை. எடுத்தாலும் பாதியில் வைத்துவிடுவாய். நான் சொல்ல நினைப்பதைப் பாதியில் நிறுத்த முடியாது.

"அப்பாவுக்கு வந்ததுதான்மா எனக்கும் வந்திருக்கு. மதுரைல டாக்டர் சொல்லிட்டாவ. கற்பகம் வீட்டுல கல்யாணம் வேண்டாம்னு சொல்லிரு." அன்றைக்கு நீ சொன்னது ஏறக்குறைய அவ்வளவுதான். எனக்கு முதலில் வலித்தது நோயின் பெயர் அல்ல. நீ தனியாக மதுரைக்குப் போயிருக்கிறாய். அந்தக் கண் ஆஸ்பத்திரி நீள பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருக்கிறாய். கண்ணில் சொட்டு மருந்து விட்டுவிட்டால் வெகுநேரம் எதுவும் தெளிவாகத் தெரியாது. உன் அப்பாவைக் கையைப் பிடித்து நான்தான் ரோட்டைக் கடக்கவைத்துக் கூட்டி வருவேன். நீ யார் கையைப் பிடித்தாய்? அங்கிருந்து நம் கோவில்பட்டி ஒரு பஸ் தூரம். அந்தப் பஸ்ஸில் ஏறாமல் சென்னைக்குத் திரும்பிப் போயிருக்கிறாய். இதை நினைத்து நினைத்துத்தான் எனக்குச் சோறு இறங்கவில்லை.

நீ கேட்டபடி கற்பகம் வீட்டுக்குப் போனேன். நீ சொல்லச் சொன்னதை மட்டும் சொல்லவில்லை, உள்ளதைச் சொன்னேன். எட்டயபுரம் பஸ்ஸில் ஏறி, மத்தியானச் சாப்பாட்டுக்காக அவள் அப்பா மளிகைக்கடையைப் பூட்டிவிட்டு வரும் நேரமாகப் பார்த்துப் போனேன். கல்யாணச் சேலை எடுப்பதைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன் என்று நினைத்து அவள் அம்மா பாயை விரித்தாள். நான் நின்றுகொண்டே சொன்னேன். உன் அப்பாவுக்கு என்ன இருந்தது, உனக்கு என்ன தொடங்கியிருக்கிறது, எல்லாவற்றையும் சொன்னேன். பெண் அசல், சொந்தம் இல்லாதவள் என்றால் பிள்ளைகளுக்கு வருவது அபூர்வம் என்று டாக்டர் அந்தக் காலத்தில் சொன்னதையும் சொன்னேன். அவள் அப்பா வெகுநேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மதினி, நீங்க மறைச்சிருந்தா எங்களுக்குத் தெரிஞ்சிருக்காது. நேர்ல வந்து சொன்னியள்லா, அதுக்கு உங்களைக் கையெடுத்துக் கும்பிடுதேன். ஆனா நான் பொண்ணைப் பெத்தவன்…" நான் அவரை மேலும் பேசவிடவில்லை. நிச்சயத் தாம்பூலத்துக்கு வைத்த சேலையை அவள் அம்மா எடுத்துவந்து என் கையில் கொடுத்தாள். கொடுக்கும்போது அவளும் அழுதாள், நானும் அழுதேன். கற்பகம் அடுப்படி வாசலில் மாவுக்கையோடு நின்றாள். நான் படியிறங்கும்போது, "அத்தை, அவிய நல்லா இருக்காவளா?" என்று மட்டும் கேட்டாள். "நல்லா இருக்கான் தாயி" என்றேன். பொய்தான். வேறு என்ன சொல்ல? திரும்பி வரும்போது பஸ்ஸில் கடைசி சீட்டில் உட்கார்ந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வந்தேன். இந்த வருஷம் நல்ல மழை. கரிசல் முழுக்க உளுந்தும் கம்பும் பச்சையாகக் கிடந்ததைப் பக்கத்தில் இருந்த பெண் காட்டிக் காட்டிச் சந்தோஷப்பட்டாள்.

அவர்கள்மேல் கோபப்படாதே. உனக்கு ஒரு மகள் இருந்தால் நீயும் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருப்பாய். அழ வேண்டுமானால் அழுதுவிடு. அதை அடக்கிக்கொண்டு ஆபீஸுக்குப் போகாதே.

இப்போது உன் அப்பாவைப் பற்றிச் சொல்கிறேன். சுவரைத் தொட்டுத் தொட்டு நடந்த அப்பாவைத்தான் உனக்கு நன்றாகத் தெரியும். கண் தெரிந்த அப்பாவை நீ பார்த்த காலத்தில் நீ சின்னப் பிள்ளை. எனக்கு அவர் அத்தை மகன். சைக்கிளில் இரண்டு கையையும் விட்டுவிட்டு ஓட்டிக்கொண்டு எங்கள் தெருவழியே போவார். கல்யாணமான பிறகு பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் ஒற்றை அறையில் பைண்டிங் கடை வைத்தார். பள்ளிக்கூட நோட்டு, கணக்குப் புத்தகம், வக்கீல் வீடுகளுக்கும் ஆபீஸ்களுக்கும் ஃபைல். அந்தக் காலத்து ஃபைல் என்றால் என்ன? ஒரு வைக்கோல் அட்டையை இரண்டாக மடித்து, மேலே கலர் காகிதம் ஒட்டி, இரண்டு ஓட்டை போட்டு, ஒரு டேக் கயிற்றைக் கோத்துவிடுவது. ஒரு வருஷத்தில் மடிப்பு உடையும், ஓட்டை கிழியும். உடைந்தால் புதிது வாங்குவார்கள். எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள். நாங்களும் செய்தோம்.

எப்போதும்வென்றான் கிராமத்திலிருந்து ஆவுடையம்மாள் என்று ஒருத்தி வருவாள். ஆடு வளர்க்கிற குடும்பம். புருஷன் இறந்த பிறகு அவன் பங்கு நிலத்தைக் கொழுந்தன்மார் தர மாட்டோம் என்று சொல்ல, இவள் கேஸ் போட்டிருந்தாள். வக்கீல் வீட்டிலிருந்து ஃபைலை வாங்கிவந்து எங்கள் பக்கத்துக் கடையில் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு திரும்பக் கொண்டுபோய்க் கொடுப்பாள். நாங்கள் செய்த ஃபைல்தான். ஓர் ஆடி மாதம், பொழுது சாயும் நேரம், அவள் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எங்கள் கடையைத் தாண்டிப் போனாள். ஆடிக்காற்று உனக்குத் தெரியும். கரிசல் புழுதியை அள்ளிக்கொண்டு வந்து ஆளையே தள்ளும். அவள் முந்தானையைப் பிடிக்க ஒரு கையை எடுத்தாள். ஃபைல் திறந்து, ஓட்டை கிழிந்து, தாள்கள் எல்லாம் ரோட்டுக்குப் பறந்தன.

"ஐயோ, எம் பத்திரம்!" என்று அவள் கத்திய சத்தத்தில் தெருவே ஓடியது. டீக்கடைக்காரர், பூக்காரி, நான், எல்லோரும் ஆளுக்கு ஒரு தாளை விரட்டினோம். உன் அப்பாவும் பாய்ந்து வந்தார். வந்தவர் நடுரோட்டில் நின்றுவிட்டார். அவர் செருப்புக்குப் பக்கத்திலேயே ஒரு வெள்ளைத் தாள் கிடந்தது.

"அத்தான், காலடியில கெடக்கு, எடுங்க!"

"எங்கட்டி?"

"அந்தா, வலது காலுக்குக் கிட்ட!"

"எங்கன? எங்கன?"

அவர் குனிந்து இடது பக்கம் தரையைத் தடவினார். பிறகு முன்னால் தடவினார். காற்று அந்தத் தாளைத் தூக்கி, போய்க்கொண்டிருந்த லாரிக்கு அடியில் கொண்டுபோனது. நான் கையில் நாலைந்து தாளோடு அவரையே பார்த்துக்கொண்டு நின்றேன். அதற்கு முன்பே சில மாதங்களாக அவர் வாசல்படியில் இடறுவார், தண்ணீர்ச் செம்பைத் தட்டிவிடுவார், பொழுது சாய்ந்தால் சைக்கிளை உருட்டிக்கொண்டு வருவார். ஏதோ யோசனையில் இருக்கிறார் என்று நினைத்திருந்தேன். அந்த நிமிஷத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது. அவருக்கும் தெரிந்தது எனக்குத் தெரிந்துவிட்டது என்று.

லாரிக்கு அடியில் போன தாள் கிடைக்கவில்லை. தாசில்தார் ஆபீஸில் கொடுத்த வாரிசுச் சான்று அது. உன் அப்பா அவள் முன்னால் கூனிக் குறுகி நின்றார். அவளோ, "விடுங்க அண்ணாச்சி. காத்து கொண்டுபோனதுக்கு நீங்க என்ன செய்வீய? மறுபடி நடையா நடந்து வாங்கிக்கிடுதேன்" என்றாள். அவள் திட்டியிருந்தால்கூட அவருக்கு ஆறியிருக்கும். மறுநாள் வக்கீலே கடைக்கு வந்தார். கிழிந்த ஃபைலை மேஜைமேல் வைத்து, "பாரும்யா. உமக்கு இது அட்டை. இதுக்குள்ள ஒரு குடும்பத்தோட நிலம் இருக்கு" என்றார். உன் அப்பா அந்தக் கிழிசலை விரலால் தடவிப் பார்த்தார். அந்த ஃபைலைத் தூக்கிப் போடவில்லை.

அந்த வாரம் மதுரைக்குப் போனோம். டாக்டர் நல்ல மனிதர். பூசி மெழுகாமல் சொன்னார். பார்வை ஓரத்திலிருந்து சுருங்கிக்கொண்டே வரும், குழாய் வழியாகப் பார்ப்பதுபோல் ஆகும், கடைசியில் குழாயும் அடைபடும், மருந்து கிடையாது. "சொந்தத்துல கல்யாணமா?" என்று எங்கள் இரண்டு பேரையும் பார்த்துக் கேட்டார். ஆமாம் என்றோம். "இவரோட அப்பா அம்மாவும் சொந்தமா?" அதற்கும் ஆமாம் என்றோம். பிள்ளை இருக்கிறானா என்று கேட்டார். உன் வயதைச் சொன்னோம். "வரலாம், வராமலும் போகலாம். பொழுது சாய்ந்த நேரத்துல தடுமாறுதானான்னு பாத்துக்கோங்க" என்றார்.

திரும்பி வரும் வழியெல்லாம் நான் அழுதேன். அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே வந்தவர், சாத்தூர் தாண்டிய பிறகு, "அந்த ஓட்டையைச் சுத்தி ஒரு வளையம் இருந்தா கிழியாதுட்டி" என்றார். எனக்குப் பொல்லாத கோபம் வந்தது. "இப்பம் ஃபைலா முக்கியம்?" என்று கேட்டுவிட்டேன். "கண்ணை நான் செய்ய முடியாது. ஃபைலைச் செய்யலாம்லா" என்றார்.

அவர் அதைச் செய்து முடிக்க ஒரு வருஷத்துக்கும் மேல் ஆனது. முதலில் கனமான அட்டை வாங்கினார். கனமான அட்டை மடிப்பில் சீக்கிரமே வெடித்தது. பிறகு அட்டையை மடிக்கவே கூடாது என்று முடிவு செய்து, இரண்டு துண்டாக வெட்டி, நடுவில் விரல் அகலத்துக்கு இடம் விட்டு, முரட்டுக் காடாத்துணியை ஒட்டி இணைத்தார். அது கதவின் கீல்போலத் திரும்பியது. தாள் கூடக் கூட அகன்று கொடுத்தது. ஓட்டைக்கு இரும்பு வளையம் அடித்தார். மழைக்காலத்தில் அது துருப்பிடித்து, உள்ளே இருந்த தாளில் காவிக்கறை இறங்கியது. பித்தளைக்கு மாறினார். மேலே மட்டும் காகிதம் ஒட்டிய அட்டை, காயும்போது அப்பளம்போல் வளைந்தது. பசை காய்கிற பக்கமாக அட்டையை இழுக்கிறது என்று கண்டுபிடித்து, உள்பக்கமும் ஒரு காகிதம் ஒட்டி, வெயிலில் போடாமல் நிழலில் பாரம் வைத்துக் காயவைத்தார். பூச்சி அரிக்காமல் இருக்க மைதாப் பசையில் மயில்துத்த உப்பைக் கலந்தார். தீப்பெட்டி ஆபீஸ்களில் பெட்டி ஒட்டும் பசையில் கலப்பதுதான். கடைசியாக, மூன்று பக்கமும் துணி ஒட்டிய மடல்கள் வைத்தார். மடலை உள்ளே மடக்கி நாடாவைக் கட்டிவிட்டால் தாள் எந்தப் பக்கமும் வெளியே வராது.

இதை நான் வரிசையாக எழுதிவிட்டேன். அப்படி வரிசையாக நடக்கவில்லை. ஒவ்வொன்றும் வீணாகி, அட்டை வீணாகி, அவர் மூலையில் போய் உட்கார்ந்து, பிறகு எழுந்து வந்து நடந்தது. ஒட்டி முடித்ததைக் கையில் எடுத்துக்கொண்டு உச்சிவெயிலுக்கு வெளியே போய் நிற்பார். முகத்துக்கு நேராகப் பிடித்து, மேலிருந்து கீழே கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திப் பார்ப்பார். முதலில் அந்த ஒரு ஃபைல் முழுதாக அவர் கண்ணுக்குள் அடங்கியது. பிறகு பாதிதான் அடங்கியது. நான் கடைக்குள் இருந்து அதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அவர் செய்த பொருள் நாளுக்கு நாள் நன்றாகிக்கொண்டு வந்தது. அவருக்கு அது தெரிவது குறைந்துகொண்டு வந்தது.

எங்கள் கடையில் கட்டிங் மெஷின் இருந்தது உனக்கு ஞாபகம் இருக்கும். சக்கரத்தைச் சுற்றினால் கத்தி இறங்கும். ஒரு நாள் மத்தியானம் நான் பசை காய்ச்சிக்கொண்டு திரும்பிப் பார்க்கிறேன். அவர் வலது கையால் சக்கரத்தைச் சுற்றுகிறார். இடது கை அட்டையோடு கத்திக்கு நேர் கீழே இருக்கிறது. அவர் அட்டையின் ஓரத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அவருடைய சொந்தக் கை அவர் பார்வைக்குள் இல்லை. நான் போட்ட சத்தத்தில் சக்கரம் நின்றது. கத்திக்கும் விரலுக்கும் நடுவே ஒரு தீப்பெட்டியைக்கூட நுழைத்திருக்க முடியாது. அன்றைக்கே சக்கரத்தின் கைப்பிடியைக் கழற்றி எடுத்துப்போய் வீட்டு பீரோவில் வைத்துப் பூட்டினேன்.

"ஏட்டி, கைப்பிடியைக் கொண்டா."

"தர மாட்டேன் அத்தான்."

"இது என் கடை. என்னைக் குருடன்னு எல்லாருக்கும் காட்டணுமா ஒனக்கு?"

"கடை உங்க கடைதான். அந்தக் கையைப் பிடிச்சுத்தான் நான் வந்தேன். அதைக் கத்திக்குக் கொடுக்க மாட்டேன்."

அவர் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். சோற்றை வைத்தால் சாப்பிடுவார், எழுந்து போய்விடுவார். கைப்பிடியை நானே மாட்டி அட்டை வெட்டினேன். எனக்கு அது சரியாக வரவில்லை, கோணல்மாணலாக வந்தது. கோணலாக வந்ததை அவர் விரலால் தடவிப் பார்த்துவிட்டு ஓரமாக வைப்பார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. பிறகு ஒரு நாள் காலையில் நான் வெட்டிக்கொண்டிருக்கும்போது பின்னால் வந்து நின்றார். "அட்டையை வலது பக்கச் சட்டத்தோட ஒட்டி வை. அப்பத்தான் மூலை சதுரமா வரும்" என்றார். அவ்வளவுதான். அன்றிலிருந்து நான் வெட்டினேன், அவர் ஒட்டினார்.

உன்னிடம் ஒரு பைக் இருக்கிறது. இரவில் அதில்தான் அறைக்குப் போகிறாய். அந்தச் சாவியை யாராவது கேட்கும்முன் நீயே கொடுத்துவிட்டால் எனக்கு நிம்மதி. கொடுக்க மனம் வராது என்று எனக்குத் தெரியும். உன்னைவிட நல்ல மனிதருக்கே வரவில்லை. நான் வந்து கேட்டால் நீயும் என்னோடு பேசாமல் இருப்பாய். இருந்துகொள். நான் சோறு வைக்கிறேன்.

ஃபைல் தயாரானபோது அதைச் சோதிக்கப் பழைய செய்தித்தாளை அடைத்துக் கட்டி மொட்டைமாடிக்குக் கொண்டுபோனார். நீதான் கைப்பிடிச் சுவரிலிருந்து கீழே தள்ளிவிட்டாய். உனக்கு அதில் அவ்வளவு சந்தோஷம். பக்கத்து வீட்டு அம்மா, "என்ன அண்ணாச்சி, தாளுக்கு உயிர் இருக்கான்னு பாக்கீயளா?" என்று கேலி செய்தாள். கீழே விழுந்ததில் ஒரு முனை நசுங்கியது. ஒரு தாள்கூட வெளியே வரவில்லை. அடுத்த ஆடியில் அதை நாள் முழுக்க மாடியில் காற்றிலேயே போட்டுவைத்தார். காற்று அதை மூலைக்கு மூலை உருட்டியது. சாயங்காலம் எடுத்துவந்து நாடாவை அவிழ்த்து, தாள்களை விரலால் நீவிப் பார்த்துவிட்டுச் சத்தமாகச் சிரித்தார். மதுரைக்குப் போய்வந்த பிறகு அவர் அப்படிச் சிரித்ததை அன்றைக்குத்தான் கேட்டேன்.

முதல் ஃபைல் ஆவுடையம்மாளுக்கு. அவளுக்கு மடலைத் திறக்கத் தெரியவில்லை. "என்ன அண்ணாச்சி, பொட்டி மாதிரில்லா இருக்கு!" என்று திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவர் அவள் கையைப் பிடிக்காத குறையாகச் சொல்லிக் கொடுத்தார். ரொம்ப நாள் அதை இடுக்கிக்கொண்டு கோர்ட்டுக்கு வந்துபோனாள். பிறகு வருவது நின்றுவிட்டது. அவள் பங்கு அவளுக்குக் கிடைத்ததா, அலைந்து அலைந்து ஓய்ந்துவிட்டாளா, எனக்குத் தெரியாது. உன் அப்பா அந்தப் பக்கத்து ஆட்கள் யார் வந்தாலும் விசாரிப்பார். யாரும் சரியாகச் சொன்னதில்லை.

வக்கீல்கள் கேட்டார்கள், ஆபீஸ்களில் கேட்டார்கள். ஒரு ஐப்பசி மழையில் ஓர் ஆபீஸ் பழைய கட்டடத்தில் ஓடு ஒழுகி, மற்ற ஃபைல்கள் எல்லாம் களிபோல ஊறிப்போக, எங்கள் ஃபைல்கள் மேலே மட்டும் நனைந்து கிடந்தன. அதை அங்கிருந்த கிளார்க் ஒருவர் கடைக்கே வந்து சொல்லிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு சில வருஷங்கள் எங்களால் செய்துகொடுக்க முடியாத அளவுக்கு வேலை வந்தது. அந்த வருஷங்களில்தான் அவருக்குக் குழாயும் அடைபட்டது. பசையைக் கையாலேயே தடவி, துணியை விரலால் நீவி, ஒரு சுருக்கம் இல்லாமல் ஒட்டுவார். நீ பள்ளிக்கூடம் விட்டு வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்து வாய்ப்பாடு சொல்லுவாய்.

நீ அறியாத ஒன்றை இப்போது சொல்ல வேண்டும். உனக்குப் பத்து வயதிருக்கும். ஒரு சாயங்காலம், பொழுது சாய்ந்து விளக்கு வைப்பதற்கு முன்னால், உன் அப்பா ஒரு கை நிறையப் பித்தளை வளையங்களை எடுத்துக் கடைத் தரையில் கொட்டினார். கை தவறிக் கொட்டியதுபோல் கொட்டினார். "ஏலே, எல்லாத்தையும் பொறுக்கிக் கொடு. ஒண்ணு விடாம" என்றார். நான் விளக்கைப் போடப் போனேன். "வெளக்கைப் போடாத!" என்று கத்தினார். டாக்டர் பார்க்கச் சொன்னதைத்தான் பார்க்கிறார் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. நீ குனிந்து, மேஜைக்கு அடியில் புகுந்து, அட்டைக்கட்டுக்குப் பின்னால் கைவிட்டு, சளைக்காமல் பொறுக்கி அவர் உள்ளங்கையில் வைத்துக்கொண்டே இருந்தாய். "அந்தா கதவு மூலையில இன்னொண்ணு மின்னுதுப்பா" என்று சொல்லி ஓடிப்போய் எடுத்துவந்தாய். அவர் உன்னை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு உன் தலையில் முகத்தை வைத்துக்கொண்டார். "ஏன்பா அழுத?" என்று நீ கேட்டாய். "துத்தம் கண்ணுல பட்டுட்டுலே" என்றார்.

அதன் பிறகு வருஷத்துக்கு ஒருதரம் ஏதாவது சாக்கில் அப்படிச் செய்வார். சட்டைப் பொத்தான் கொட்டும், கடுகு கொட்டும். ஒவ்வொரு தடவையும் நீ பொறுக்கிவிடுவாய். நீ காலேஜுக்குப் போன வருஷம், "இனிமே பயமில்லட்டி. அவன் கண்ணு நல்ல கண்ணு. என்னோட முடிஞ்சு போச்சு" என்றார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

பிறகு பிளாஸ்டிக் ஃபைல்கள் வந்தன. ஸ்டேஷனரி கடைகளில் கலர் கலராகத் தொங்கின. ஆபீஸ்களுக்குக் கம்ப்யூட்டரும் வந்தது. யாரும் எங்களுக்குக் கெடுதல் செய்யவில்லை. வருவது மெல்ல மெல்லக் குறைந்தது, ஒரு நாள் நின்றது. அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "தாளு பத்திரமா இருந்தாச் சரி. எதுல இருந்தா என்ன?" என்பார். ஆனால் கடைக்குப் போய் உட்காருவதை நிறுத்தவில்லை. நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது, நீ பரீட்சை முடிந்து வந்து சேர்வதற்கு முன், என்னிடம் பேசினார். பேச்செல்லாம் உன்னைப் பற்றித்தான். "பையன் நல்லா இருப்பான். அவன் எதைப் பாக்கணும்னு நெனச்சாலும் பாப்பான்" என்றார். அந்த நினைப்போடுதான் போனார்.

செவ்வாய்க்கிழமை நீ போனை வைத்ததும் நான் முதலில் செய்தது என்ன தெரியுமா? அவர் இல்லாமல் போனதற்குச் சாமிக்கு நன்றி சொன்னேன். புருஷனைப் பறிகொடுத்தவள் சொல்லக்கூடாத வார்த்தை அது. இதை அவர் கேட்க வேண்டியிராமல் போனதே என்று இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து, அவர் இப்போது இங்கே இல்லையே என்று தலையிலடித்துக்கொண்டு அழுதேன். உனக்கு என்ன சொல்ல வேண்டும் என்று இந்த உலகத்தில் ஒருவருக்குத்தான் தெரியும். அவர் இல்லை. நான் சொல்வதெல்லாம் பக்கத்தில் இருந்து பார்த்ததை வைத்துத்தான்.

போனை வைப்பதற்கு முன்னால் கடைசியாக ஒன்று கேட்டாய். இவ்வளவு நேரம் எழுதியும் அதை நான் எழுதாமலே தள்ளிக்கொண்டு வந்தேன். "எல்லாம் தெரிஞ்சும் என்னை எதுக்கும்மா பெத்தே?" என்று கேட்டாய். உன்னைப் பெற்றபோது எங்களுக்கு எதுவும் தெரியாது ராசா. ஆனால் உன் கேள்வி அது இல்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்திருந்தால் பெற்றிருப்பேனா என்பதுதான் உன் கேள்வி. மதுரையிலிருந்து வந்த அன்று ராத்திரி முதல் இந்தக் கேள்வியை நானும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். உனக்குத் தம்பியோ தங்கையோ ஏன் இல்லை என்று சின்ன வயதில் கேட்பாயே, அதுதான் காரணம். இன்னொரு பிள்ளையை அந்தப் பயத்துக்குள் கொண்டுவர எங்களுக்குத் தைரியம் வரவில்லை. ஆனால் நீ ஏற்கனவே வந்துவிட்டாய். கொலுசு கட்டிக்கொண்டு அட்டைக் கட்டின்மேல் ஏறி நின்றாய். உன்னைப் பார்த்த பிறகு, நீ இல்லாத ஒரு வீட்டை எனக்கு நினைக்கத் தெரியவில்லை. என்னிடம் இருக்கிற பதில் இதுதான். இது உனக்குப் போதாது என்றும் தெரியும்.

உன் ஆபீஸில் பெரியவர் யாரிடமாவது உள்ளதைச் சொல்லிவிடு. மறைத்துக்கொண்டு வேலை செய்தால் நீ இடறுவதை அவர்கள் குடித்திருக்கிறான் என்று நினைப்பார்கள். உன் அப்பாவையே சிலர் அப்படிப் பேசினார்கள். கண் தெரிகிற இந்த வருஷங்களில் விரலுக்கு எதையாவது பழக்கு. எதை என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. உன் வேலை எனக்குப் புரியாது. இருட்டிய பிறகு தனியாக வெளியே போகாதே. சாப்பிடு.

வீட்டைப் பார்த்துக்கொள்ளப் பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டேன். புதன்கிழமை ராத்திரி சென்னைக்கு வண்டி ஏறுகிறேன். எவ்வளவு நாள் என்று கேட்காதே. டிக்கெட் எடுக்கும்போது கவுண்டரில் இருந்தவர் விடியும் முன்னே போய்ச் சேருகிற வண்டியில் இடம் இருக்கிறது என்றார்; வேண்டாம், நன்றாக விடிந்த பிறகு போய்ச் சேருகிற வண்டியில் கொடுங்கள் என்று கேட்டு வாங்கினேன். வியாழக்கிழமை காலையில் எழும்பூர் ஸ்டேஷனுக்கு வா. நடைமேடையில் கூட்டமாக இருக்கும், ஆள் மேல் ஆள் வந்து விழும். என்னைத் தேடிக்கொண்டு அங்கேயும் இங்கேயும் அலையாதே. ஏதாவது ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு நின்ற இடத்திலேயே நில். நான் வந்து உன்னைக் கண்டுபிடித்துக்கொள்கிறேன்.

அம்மா